முனியசாமி கோயில் ஹாரனும் மலையாண்டியின் காதும்

"மதுரைக்கு இந்தப் பக்கம் ஓடுற எந்த வண்டியா வேணும்னாலும் இருக்கட்டும். ஹாரனை ஒரே ஒரு தடவை அடிச்சுக் காமிங்க. பேட்டரி எந்த மாசம் சாகும்னு சொல்றேன். கிழமையும் வேணும்னா ரெண்டு தடவை அடிங்க."

இப்படிச் சொன்னவர், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மலையாண்டி. சொன்ன இடம், பக்கத்தில் இருக்கும் சீனி முகம்மதின் டீக்கடை. அப்போது கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆறாறு மாதத்துக்கு ஒரு தடவை தங்கள் வண்டியை அவரிடம்தான் விட வேண்டும் என்பது அந்தப் பதினோரு பேருக்கும் தெரியும்.

பெரிய மனிதர்களின் வரலாற்றை இளமையிலிருந்து தொடங்குவது மரபு. மலையாண்டி முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தார். பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடம் அவரைக் கைவிட்டது. அவரும் பதிலுக்கு அதைக் கைவிட்டார். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் ஆறு வருடம் தண்ணீர் ஊற்றினார். ஆசிட் தெறித்து அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்தது. முத்தழகைப் பெண் பார்க்கப் போன சட்டையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அதை எண்ணிப் பார்த்த பிறகும் அவள் சம்மதித்தாள். மண்டபம் அவளுடைய ஊர். அப்படித்தான் மலையாண்டி கடலோரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் கடை போட்ட இடத்தில்தான் விதி ஒளிந்திருந்தது. நேரெதிரே முனியசாமி கோயில். அந்தச் சாலையில் போகிற எந்த ஓட்டுநரும் முனியசாமிக்கு ஒரு ஹாரன் அடிக்காமல் கடப்பதில்லை. ராமேஸ்வரம் போகும் யாத்திரைப் பேருந்து அடிக்கும். ஐஸ் ஏற்றிவரும் மீன் லாரி அடிக்கும். சீனி முகம்மதுகூட அடிப்பார். கேட்டால், ஆடு குறுக்கே வந்தது என்பார். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் அவருக்கு மட்டும் ஆடு குறுக்கே வருகிறது.

இருபத்திரண்டு வருடம் அத்தனை ஹாரனையும் கேட்டவர் மலையாண்டி. அதற்குமேல் கேள்வி ஞானம் உள்ளவர் ஜில்லாவில் இல்லை. ஹாரன் கணீரென்று ஒலித்தால் பேட்டரி நல்ல பேட்டரி. கம்மினால் நாள் எண்ண வேண்டியதுதான். கடை வாசலில் பலகையே எழுதி மாட்டியிருந்தார்: "இங்கு ஹாரன் சத்தம் மூலம் பேட்டரி பார்க்கப்படும்."

கணிப்பு பலித்தால் ஊருக்கே தெரியும். பலிக்காவிட்டால் அதற்கும் சாஸ்திரம் இருந்தது. சொன்ன நாளுக்கு முன்பே பேட்டரி போய்விட்டால், உப்புக் காற்று. சொன்ன நாளைத் தாண்டியும் உயிரோடு இருந்தால், அவர் ஊற்றிய தண்ணீர். ஆகவே இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தவறியது கிடையாது.

இவ்வளவு சிறப்புள்ள கடையில் ஒரு லோடு டெஸ்டரும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் பேட்டரிக் கடைக்காரர்கள் கூட்டத்தில் பிரியாணியோடு சேர்த்துக் கொடுத்தது. ஒரு கைப்பிடி, கவ்வுவதற்கு இரண்டு இடுக்கி, பச்சை மஞ்சள் சிவப்பு பூசிய முகத்தில் ஒரு முள். பேட்டரியின் இரண்டு முனையிலும் கவ்வவிட்டு விசையைப் பத்து விநாடி அழுத்தினால், வண்டியைக் கிளப்பும்போது செல்ஃப் மோட்டார் எவ்வளவு கரண்டை உறிஞ்சுமோ கிட்டத்தட்ட அந்தச் சுமையை அது பேட்டரியின் தலையில் ஏற்றிவைக்கும். தாங்கினால் முள் பச்சையில் நிற்கும். முதுகு ஒடிந்தால் சிவப்பில் விழும்.

மலையாண்டி அந்தக் கருவியை ஒரு நாள்கூடச் சும்மா வைத்திருந்ததில்லை. கடல் காற்றில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருந்தார்.

இந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மலிகா தன் வேனைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினாள். மண்டபத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் இறங்கும்போது இஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் சட்டம். அந்த வாரம் இரண்டு நாள் அணைத்த இஞ்சின் மறுபடி கிளம்பவில்லை. இரண்டு நாளும் விளையாட்டு வாத்தியார் தள்ளினார். இரண்டாம் நாள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை; திங்கட்கிழமை வேன் மறுபடி நின்றால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அங்கே சொல்லிவிட்டார்கள். பதினான்கு பிள்ளைகள் உள்ள அந்த ஒரு ரூட்டுதான் மலிகாவின் பிழைப்பு.

அணைத்தால் கிளம்பாதோ என்ற பயத்தில் இஞ்சினை ஓடவிட்டே அவள் இறங்கிவந்தாள். மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"அடி."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அடித்தாள். கோயில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"சிங்கம்," என்றார் மலையாண்டி.

"அந்தச் சிங்கம்தாண்ணே ரெண்டு நாளாப் பள்ளிக்கூட வாசல்ல படுத்துக்கிருச்சு."

"செல்ஃப் மோட்டார் கோளாறா இருக்கும். இல்லாட்டி நீ சாவி திருகுற விதம்."

"செல்ஃபை நேத்துத்தான் கழட்டிப் பார்த்தாக. ஒண்ணும் இல்லங்குறாக. இந்தா பேப்பர் மேல கெடக்கே, அதை வச்சு ஒரு தடவை பாருங்களேன்."

"அது பேப்பர் பறக்காம இருக்கக் குடுத்தது."

"ஆமா, அதுக்குத்தான் மதுரைக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டு அனுப்புனான்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த சீனி முகம்மது.

"பாய், நீங்க டீயை மட்டும் ஆத்துங்க."

"நீ எம் பேட்டரிக்கே மவுத்து தேதி குறிச்ச ஆளு. உங்கிட்ட நான் வாயைக் குடுப்பேனா?"

மலிகா விடவில்லை. "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்கண்ணே. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப இந்த ஹாரன் டைனமோ குடுக்குற கரண்டுல கத்துது. பேட்டரி செத்தே கெடந்தாலும் இப்பிடித்தான் கத்தும். இதைக் கேட்டுப் பேட்டரியைப் பத்தி என்னத்தச் சொல்லுவீக?"

சீனி முகம்மது ஆற்றிய டீ டம்ளருக்கு வெளியே விழுந்தது.

"அதுபோக இது புது ஹாரன். பழசு உப்புக் காத்துல துருப்பிடிச்சு அழுதுக்கிட்டே கெடந்துச்சு. போன வாரந்தான் மாத்துனேன்."

மலையாண்டி கண்ணைத் திறந்தார். "ரெண்டு வருசம் ஓடும். போ தாயி."

"திங்கக்கெழம நின்னுச்சுன்னா நேரா இங்கனதான் வருவேன். வந்து உங்க காதைப் பிடிச்சுக்கிருவேன், பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டு மலிகா வண்டியை எடுத்தாள். போகிற போக்கில் முனியசாமிக்கு ஒன்று அடித்தாள். அதுவும் கணீரென்றுதான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மலையாண்டி கடையில் உட்கார்ந்து வழக்கம்போல ஹாரன்களைக் கேட்டார். மீன் லாரி போயிற்று. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காரைக்குடிப் பேருந்து போயிற்று. அதுவும் இஞ்சின் ஓடித்தான் போயிற்று. மத்தியானம் வரை நூறு வண்டிகள் முனியசாமிக்கு ஹாரன் அடித்தன; நூறும் ஓடிக்கொண்டிருந்தன. இஞ்சின் ஓடாமல் அன்று கோயிலைக் கடந்தது ஒரே ஒரு ஆட்டோ. அதை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். அது ஹாரன் அடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவர் நாடி பிடித்தது பேட்டரிக்கு அல்ல, டைனமோவுக்கு. நோயாளியை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் சௌக்கியமாகப் படுத்திருந்தவன் கையைப் பிடித்துப் பார்த்து மருந்து எழுதிய கதை.

மத்தியானச் சாப்பாட்டில் நகரைமீன் குழம்பு. அதில் உப்புத் தூக்கலாக இருந்தது. மலையாண்டி எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். முத்தழகுக்குக் கவலையாகிவிட்டது.

"என்ன, காது அடைச்சுக்கிருச்சா?"

அவர் நடந்ததைச் சொன்னார். மலிகா கேட்ட கேள்வியை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"அந்தப் புள்ள கேட்டது சரிதான?" என்றாள் முத்தழகு.

"சரியா இருந்தா அந்தப் பலகை என்னாகுறது?"

"வேன் நின்னா அவ பொழப்பு நிக்கும். உங்க காது பொய்யாப் போனா உங்களுக்கு என்ன நிக்கப்போகுது? கடையில விக்கிறது பேட்டரிதான? காது இல்லையே."

சனிக்கிழமை மத்தியானம், சீனி முகம்மது கடையைச் சாத்திக்கொண்டு தூங்கப் போன நேரத்தில், மலையாண்டி செய்தித்தாளின் மேலிருந்து லோடு டெஸ்டரை எடுத்தார். பேப்பருக்கு ஒரு செங்கல்லை வைத்தார். ஒரு கருவியை முதல் தடவை தொடுகிறவர் அதற்கு எளிதான சோதனை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது நியாயம். ஆகவே, செத்துப்போனது என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த பேட்டரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அது சீனி முகம்மதின் மாருதி வேனிலிருந்து கழற்றியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வேனின் ஹாரன் கம்மியிருந்ததைக் கேட்டு, "ஒம்பது நாள்" என்று கெடு சொன்னவர் மலையாண்டி. பயந்துபோன பாய் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டார். புதுசு போட்ட பிறகும் ஹாரன் கம்மியது. ஏன் என்று பாய் கேட்டதற்கு, "புதுப் பேட்டரி, கூச்சப்படுது" என்று மலையாண்டி விளக்கமளித்தார். செத்த பேட்டரி கடை மூலையில் இருந்துகொண்டு, கரண்டு போகும்போதெல்லாம் கடை விளக்கை எரித்துக்கொண்டிருந்தது. அதில் ஏதோ முரண்பாடு இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

இடுக்கிகளைக் கவ்வவிட்டு விசையை அழுத்தினார். பத்து விநாடி. கருவி சூடேறியது. முள் பச்சையில் நின்றது.

அது மன்னிப்புக் கேட்க ஒரு வாய்ப்புக் கொடுக்கும் விதமாகச் சற்று ஆறவிட்டு மறுபடி அழுத்தினார். முள் மறுபடியும் பச்சையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மலிகாவின் வீட்டு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரி. மலையாண்டியின் தோளில், துண்டில் சுற்றிய ஒரு பொருள். ரகசியமாக வந்தவரைப் பார்த்துத் தெருவில் ஏழு பேர் நலம் விசாரித்தார்கள்.

"வண்டியை ஓட்டுனியா?"

"காலையில ராமநாதபுரம் வரைக்கும் போயிட்டு இப்பத்தாண்ணே வந்தேன்."

அப்படியென்றால் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்ல வழியில்லை. மலையாண்டி துண்டைப் பிரித்தார். மலிகா வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

விசையை அழுத்தியதும், பச்சையில் இருந்த முள் மஞ்சளில் ஒரு நொடிகூடத் தங்காமல் சிவப்பின் அடியில் போய் விழுந்தது. சிங்கம், சுமை ஏறியதும் படுத்துவிட்டது.

அவர் அந்தப் பேட்டரியைக் கழற்றினார். டெர்மினலில் பூத்திருந்த பச்சை உப்பைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். மலிகா சாவியைத் திருகினாள். அரைச் சுற்றில் வண்டி கிளம்பியது. அணைத்தாள். திருகினாள். மறுபடியும் அரைச் சுற்று. ஆறு தடவை செய்துபார்த்தாள்.

"இது யாரு பேட்டரிண்ணே?"

"சீனி பாயோடது. நான் சாகடிச்சது."

"பாய்க்குத் தெரியுமா?"

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சிரிக்காத."

"நான் எங்கண்ணே சிரிச்சேன்," என்று மலிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் வேன் அணைந்தது, பிள்ளைகள் இறங்கினார்கள், வேன் கிளம்பியது. விளையாட்டு வாத்தியார் இடுப்பில் கை வைத்துக் கடைசி வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாராம். திரும்பும் வழியில் மலிகா முனியசாமிக்கு ஒன்று அடித்தாள். எதிரே திரும்பிக் கடைக்கு ஒன்று அடித்தாள்.

அந்தச் சத்தம் அடங்கு முன்பே சீனி முகம்மது தன் மாருதி வேனில் வந்து இறங்கினார். டீக்கடையில் அதே பதினோரு பேர். பாய் இஞ்சினை ஓடவிட்டு ஹாரனை அழுத்தினார். சளிப் பிடித்த ஆட்டின் குரல் வந்தது.

"என்னப்பா, கூச்சம் இன்னும் போகலையே. எத்தன நாளுன்னு நீயே சொல்லிரு. கிழமையும் வேணும்னா ரெண்டாந்தடவை அடிக்கிறேன்."

பதினோரு பேரும் டம்ளரோடு திரும்பினார்கள். மலையாண்டி எழுந்தார். கண்ணை மூடவில்லை. செய்தித்தாளின் மேலே செங்கல்லோடு கிடந்த லோடு டெஸ்டரை எடுக்கப்போய், அவசரத்தில் செங்கல்லையும் தட்டிவிட்டார். பேப்பர் ஒவ்வொரு தாளாகக் கிளம்பிச் சாலையைக் கடந்து முனியசாமியை நோக்கிப் பறந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் பக்கத்தில் போய் நின்று, பாய்க்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இஞ்சினை அணைங்க, பாய்."