கண்டிகோட்டாவில் பொழுதோட

எங்க வீட்டு ஹால்ல ஒரு படம் மாட்டியிருக்கேன். செவந்த பாறை ஒண்ணு, அதுக்குப் பின்னால கிடுகிடு பள்ளம், பள்ளத்துக்கு அடியில பச்சையா ஓடற பெண்ணாறு. வர்றவங்க எல்லாம் "இது எந்த ஃபாரின்?"னு கேப்பாங்க. பக்கத்து ஆந்திராதான், கண்டிகோட்டான்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, "பாறை மேல யாராச்சும் ஒரு ஆளு உக்காந்திருந்தா படம் தூக்கியிருக்கும்"னாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. அவர் பாட்டுக்குச் சொன்னாரு, பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அந்தப் பாறை மேல உக்காந்திருக்க வேண்டிய ஆளு அண்ணாச்சி. அவன் பேரு அது இல்ல. ஓசூருக்குத் தெக்கத்திக்காரன் எவன் வந்தாலும் அவன் அண்ணாச்சிதான். என்னைவிடச் சின்னவன், திருச்செந்தூர்ப் பக்கம். எங்க கம்பெனியில அவன் லைன் சூப்பர்வைசர், நான் குவாலிட்டி. அவன் லைன்ல வர்ற பாகத்தை ரிஜெக்ட் பண்றது என் வேலை, அதுக்கு என்னைத் திட்டறது அவன் வேலை. திட்டித் திட்டியே சிநேகம் ஆயிட்டோம். நான் அவனை அண்ணாச்சின்னு கூப்பிடுவேன், அவன் என்னை மாப்ளன்னு கூப்பிடுவான். ரெண்டுமே பொய்தான், ஆனா நிலைச்சுப் போச்சு.

படம் எடுக்கற கிறுக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்தது. ஆளுக்கொரு பழைய கேமராவை வாங்கிக்கிட்டு வார லீவுல ராயக்கோட்டை மலை மேல ஏறுவோம், இல்லன்னா கெலவரப்பள்ளி அணைக்குப் போயி கழிவுத் தண்ணியில பொங்கற நுரையைப் படம் புடிப்போம். ஒவ்வொரு மார்கழிக்கும் "அடுத்த மார்கழிக்குக் கண்டிகோட்டா"ம்பான். ஒரு வருசம் ஷிஃப்ட் மாத்தமாட்டாங்க, ஒரு வருசம் நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன், ஒரு வருசம் அவன் சம்சாரத்துக்கு டைஃபாய்டு. கடைசியில போனது எந்த மார்கழின்னா, அவன் லைனையே குஜராத்துக்குத் தூக்கறோம்னு கம்பெனி சொன்ன மார்கழி.

வர்றவன் குஜராத்துக்கு வரலாம், வராதவன் கணக்கை முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போலாம், திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுங்கன்னுட்டாங்க. நான் பொழச்சேன், குவாலிட்டி இங்கயே இருக்குதுன்னாங்க. அண்ணாச்சிக்குத்தான் தலைவலி. பொண்ணு இங்க ஸ்கூல்ல படிக்குது, சம்சாரம் இங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. போனா தனியாத்தான் போவணும். போகலன்னா இந்த வயசுல எவன் வேலை குடுப்பான். அந்த சனி ஞாயிறு கண்டிகோட்டா போயே தீரணும்னு அவன்தான் ஒத்தக்கால்ல நின்னான்.

நாலு பேரு கிளம்பினோம். வண்டி பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டக்காரரோடது. அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு, அதனால போற இடத்துல எங்களுக்கு வாயும் அவர்தான். நாலாவது ஆள் ஜூஜுவாடியில செல்போன் கடை வச்சிருக்கறவரு. அவருக்கு கேமரா கிடையாது, போன்லயே எல்லாத்தையும் எடுத்துட்டு எங்களைக் கிண்டல் பண்ணிக்கிட்டே வருவாரு. "ஆட்டுக்கல்லு மாதிரி இத்தனை வெயிட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க?"

மதனப்பள்ளியில டீக்கு நிறுத்தினோம். தக்காளிப் பொட்டி அடுக்கின லாரிங்க வரிசையா நின்னுச்சு, ஒரு நிமிசம் ராயக்கோட்டை மண்டியிலயே நிக்கறோமோன்னு ஆயிப்போச்சு. மத்த ரெண்டு பேரும் பன் வாங்கப் போனப்ப அண்ணாச்சி டீயை ஊதிக்கிட்டே சொன்னான்.

"மாப்ள, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இவங்க முன்னால வேண்டாம். அங்க போயி தனியா கேக்கேன்."

"குஜராத்தா?"

"அதான். யாராவது ஒரு ஆளு இருலேன்னு சொன்னா இருந்துருவேன். வீட்டுல கேட்டா அழுதா. ஊருல கேட்டா உன் இஷ்டம்ங்காங்க. நீதான் நல்லதோ கெட்டதோ மூஞ்சிக்கு நேரா சொல்லுவ."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். ஏன்னா பதில் என் பையிலயே இருந்துச்சு. என் மச்சான் சிப்காட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு ஷெட்டு போட்டு ஜாப் வொர்க் பண்றாரு. ஷெட்டைப் பாத்துக்க ஒரு நல்ல ஆள் வேணும்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தாரு. அண்ணாச்சியைப் பத்தி அந்த வாரம்தான் பேசி முடிச்சிருந்தேன், கூட்டிக்கிட்டு வான்னுட்டாரு. அதை டீக்கடையில வச்சுச் சொல்ல மனசு வரல. அந்தப் பள்ளத்துக்கு முன்னால, நல்ல வெளிச்சத்துல உக்காந்து சொல்லணும்னு ஒரு ஆசை. அந்த ஆசையில மண்ணு விழ.

கண்டிகோட்டா போய்ச் சேந்தப்ப வெயில் உச்சியில இருந்துச்சு. கோட்டைக்குள்ள நடந்து, பாறை மேல பாறையாத் தாவி, விளிம்புல போயி நின்னா காலு தன்னால ரெண்டடி பின்னால வருது. பலகை அடுக்கின மாதிரி செவந்த கல்லு, அடுக்கடுக்கா, ஆத்து வரைக்கும். எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் மலையை மனுசன் அறுக்கறதைத்தான் பாத்திருக்கோம், குவாரியில வயர் போட்டு ஒரு மாசத்துல ஒரு குன்னைக் காலி பண்ணிருவான். இங்க ஆறு தன் பாட்டுக்கு, ஒரு அவசரமும் இல்லாம அறுத்து வச்சிருக்குது. செல்போன் கடைக்காரரே வாயை மூடிக்கிட்டாரு. அண்ணாச்சி மட்டும், "எங்க ஊர் தேரிக்காட்டு மண்ணு செவப்புலா இது"ன்னான். விளிம்புல ஒதுக்குப்புறமா ஒரு பாறை, ஆமை தலையை நீட்டின மாதிரி இருந்துச்சு. அதுக்கு ஆமைப்பாறைன்னு பேரு வச்சது அவன்தான்.

உச்சி வெயில்ல படம் எல்லாம் வெளுத்துப் போச்சு. ராத்திரிச் சாப்பாட்டப்ப, நாங்க தங்கின லாட்ஜ்காரர் கிட்ட ரோஜாத் தோட்டக்காரர் காலை வெளிச்சத்தைப் பத்தித் தெலுங்குல விசாரிச்சாரு. இந்த மாசத்துல விடியக்காலம் பனி மூடிக்கும், பள்ளம் இருக்குதா இல்லயான்னே தெரியாது, வெயில் நல்லா ஏறினாத்தான் விலகும்னாராம். அப்ப நிம்மதியாத் தூங்குவோம், சாப்டுட்டுக் கிளம்புவோம்னு முடிவு ஆச்சு. கை கழுவற இடத்துல நான் அண்ணாச்சி காதுல சொன்னேன்.

"நாளைக்குப் பொழுதோட ஆமைப்பாறைக்கு வந்துரு. நாம ரெண்டு பேரு மட்டும்."

"வாரேன்"னான். அவன் மூஞ்சியில அப்படி ஒரு தெளிச்சியை ரொம்ப நாளைக்கப்புறம் பாத்தேன்.

மறுநாள் நான் எழுந்தப்ப அவன் கட்டில் காலி. வெளியில ஒரே வெள்ளை, எதிர்ல நிக்கற வண்டி தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். ஜெர்கின் எல்லாம் ஈரம், மூக்கு செவந்து கிடக்குது.

"எங்கடா போன இந்தப் பனியில?"

"சும்மா. ஒரு நடை." என்னையே பாத்தான். "நல்லா தூங்குனியோ?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டன்."

"தூங்கு மாப்ள, தூங்கு. தூங்கத்தான வந்தோம்."

நக்கல் பண்றான்னு நினைச்சுச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. அன்னைக்கு முழுக்க என் பக்கமே வரல. நான் கிழக்க போனா அவன் மேக்க போறான். கோட்டை மசூதிகிட்ட நான் நின்னா அவன் தானியக் கிடங்குக்குள்ள நுழையறான். சரி, எப்படிக் கேக்கறதுன்னு மனசுல ஒத்திகை பாக்கறான் போலன்னு விட்டுட்டேன்.

சாயங்காலம் நான் முன்னாலயே ஆமைப்பாறைக்குப் போயிட்டேன். வெயில் சாயச் சாய எதிர்ச் செவுரு பழுத்துக்கிட்டே வந்துச்சு. ஆறு இருட்டுக்குள்ள போயிருச்சு, மேல மட்டும் கங்கு மாதிரி செவப்பு. அந்த மாதிரி வெளிச்சத்தை அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாக்கல. பாறையில அவனுக்கு இடம் விட்டு உக்காந்திருந்தேன். அவன் வரல. செல்போன் கடைக்காரர் அந்தப் பக்கமா வந்தாரு. "அண்ணாச்சி எங்கங்க?"ன்னேன். தலைவலின்னு வண்டிக்குள்ள துண்டைப் போத்திப் படுத்திருக்காருன்னாரு.

எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. தனியாப் பேசணும்னு சொன்னவன் அவன். வரேன்னு தலையாட்டினவன் அவன். முடிவு பண்ணிட்டான், குஜராத்துதான், எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுப் படுத்துக்கிட்டான். அப்படிப்பட்டவனை நான் போயி எதுக்கு எழுப்பணும்? ஆள் இல்லாத பாறையை வீம்புக்கு ஒரு படம் எடுத்தேன். அதுதான் ஹால்ல இருக்குது.

திரும்பறப்ப அவன் முன் சீட்டுல உக்காந்துக்கிட்டான். கதிரி வந்துச்சு, மதனப்பள்ளி வந்துச்சு, வாயைத் தொறக்கல. நானும் தொறக்கல. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் எழுதிக் கொடுத்துட்டான். கேன்டீன்ல தட்டைத் தூக்கிக்கிட்டு எதிர்ல வந்து நின்னு, "போறேன் மாப்ள"ன்னான். "நல்ல முடிவு, போயிட்டு வா"ன்னேன். அந்த நாக்கு அழுகியிருக்கக் கூடாதா. மச்சான் ஷெட்டுக்கு வேற ஆளைப் போட்டுட்டாரு.

அவன் போன பிறகு அவன் சம்சாரத்தைச் சந்தையில ஒருதரம் பாத்தேன். காய்க் கூடையைக் கீழ வச்சுட்டுச் சொன்னாங்க, "நீங்க ஒரு வார்த்தை இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பாங்க அண்ணே." நான் பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். கேக்கவே வராத ஆளுக்கு என்னன்னு சொல்றதுன்னு வழி முழுக்க பொருமிக்கிட்டே வந்தேன். பொண்ணு பிளஸ் டூ முடிச்சதும் அவங்களும் வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. பொண்டாட்டி புள்ள தெக்க, அவன் குஜராத்துல ரொட்டியைத் தின்னுக்கிட்டு ஒரு ரூம்ல. எங்களுக்குள்ள தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

போன தை மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம். வீட்டளவுலதான், பத்திரிகை எல்லாம் அடிக்கல. எல்லாரையும் போன்லயே கூப்பிட்டேன். அவனையும் கூப்பிட்டேன். பழசு எல்லாம் என்னத்துக்குன்னு தோணிருச்சு. "ஞாயித்துக்கிழமை, வீட்டுலதான். பொழுதோட வந்துரு"ன்னேன். "உன் மவளுக்கு வராம இருப்பனா, வாரேன்"னான்.

ஞாயித்துக்கிழமை இன்னும் சரியா விடியக்கூட இல்ல, கதவைத் தட்டற சத்தம். திறந்தா அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில ஸ்வீட் டப்பா. தலை நரைச்சுப் போயிருந்துச்சு. என் பின்னால எட்டிப் பாத்தான். பாயில ஜனங்க தூங்கிக்கிட்டு இருக்குது.

"என்ன மாப்ள, ஒரு ஆளையும் காணோம்? பொழுதோட வரணும்னு பெங்களூர்ல எறங்கி ஓடி வாரேன்."

"பொழுதோடதான் வரச் சொன்னேன். இன்னும் கோழி கூவல, இப்பவே வந்து நிக்கற."

"பொழுதோடன்னா விடிய வெள்ளனதான?"

"பொழுதோடன்னா சாயங்காலம்டா."

செருப்பைக் கழட்டக் குனிஞ்சவன் அப்படியே படியில உக்காந்துட்டான். ஒரு கால்ல செருப்பு இருந்துச்சு, ஒரு கால்ல இல்ல. எனக்கும் அப்பதான் உறைச்சது. ஆமைப்பாறைக்கு வரச் சொன்னதும் இதே வார்த்தையிலதான். நானும் அவன் பக்கத்துல உக்காந்தேன். அவன் போனை எடுத்து ரொம்ப நேரம் தள்ளித் தள்ளி, ஒரு படத்தை எங்கிட்டக் காட்டினான். முழுக்க வெள்ளைப் பனி. நடுவுல மங்கலா ஆமைப்பாறை. பாறை மேல அவன் கேமராப் பை.

"பனி வெலகுற வரைக்கும் இருந்தேம்லா. பனின்னு தெரிஞ்சும் காலையிலயே வரச் சொல்லுதான், மத்த ரெண்டு பேரும் வர மாட்டாங்கன்னுதான் அப்படிச் சொல்லுதான்னு நெனச்சேன். நீ வரல. சரி, இருன்னு சொல்ல அவனுக்கு மனசு இல்ல, மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்லவும் முடியல, அதான் படுத்துக் கெடக்கான்னு முடிவு பண்ணிட்டேன்."

"சாயங்காலம் நான் அங்கதான்டா உக்காந்திருந்தேன்."

தலையைத் திருப்பி ஹால்ல மாட்டியிருந்த படத்தைப் பாத்தான். ஷெட்டு விசயத்தைச் சொன்னேன். மச்சான் கிட்டப் பேசி வச்சிருந்தது, வெளிச்சம் நல்லா இருக்கறப்ப சொல்லணும்னு அடக்கி வச்சிருந்தது, எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப இருன்னு சொல்லியிருப்ப?"

"இருன்னு சொல்லத்தான் வந்தேன்."

"இத்தன வருசம் பக்கத்துல பக்கத்துல கெடந்தோம், ஒருக்காகூட நீ பொழுதோடன்னு சொல்லலியே மாப்ள"ன்னான். எப்படிச் சொல்லியிருப்பேன்? கம்பெனிக்குள்ள எவன் பொழுதைப் பாத்தான்? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்டுன்னுதான் நாங்க வாழ்ந்தோம். என் வீட்டுப் பேச்சு வீட்டுல இருந்துச்சு, அவன் வீட்டுப் பேச்சு அவன் வீட்டுல இருந்துச்சு. கம்பெனியை மறந்து ரெண்டு நாள் சந்தோசமா இருந்த இடத்துல, வாய் தவறி என் ஊர்ப் பேச்சு வந்துருச்சு.

விசேசம் காலையில முடிஞ்சிரும்னு நினைச்சு அவன் மத்தியான ரயிலுக்கே டிக்கெட் போட்டிருந்தான். மறுநாள் விட்டு மறுநாள் ஷிஃப்ட்டுக்கு நிக்கணுமாம். என் பொண்ணு தூக்கக் கலக்கத்துல நைட்டியோட வந்து கால்ல விழுந்துச்சு. விபூதி பூசி விட்டான். வாசல்ல மாவிலை கட்டறதுக்கு ஸ்டூல் மேல ஏறினான். இட்லி சாப்பிட்டான். பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி பெங்களூர் பஸ் ஏத்தி விட்டேன். இருடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அந்த வார்த்தையை இப்ப எதுக்குன்னு முழுங்கிட்டேன்.

பொழுதோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. தட்டு மாத்தியாச்சு. குடும்பத்தோட நிக்க வச்சு போட்டோகிராஃபர் படம் எடுத்துக்கிட்டு இருந்தாரு. பையில போன் துடிச்சுது. ரயில் ஜன்னல்ல எடுத்த படம் ஒண்ணு அனுப்பியிருந்தான். எந்த ஊரோ தெரியல, பொட்டல் காடு, அடிவானம் பூராவும் செவப்பு. கீழ ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான். "பொழுதோட."

"பொண்ணோட அப்பா, கேமராவைப் பாருங்க"ன்னு போட்டோகிராஃபர் ரெண்டு மூணு தரம் கூப்பிட்டாரு.