வயதைக் கேட்ட குரல்

எங்கள் கோல்டர் க்ரீக் மளிகைக் கடையில் பீர் வாங்க யார் போனாலும் டார்லா வாய் திறந்து வயது கேட்க மாட்டாள். கையை மட்டும் நீட்டுவாள். நரைத்த தாடிக்காரனாக இருந்தாலும் லைசென்ஸை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட வேண்டும். "ஏன் டார்லா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று சிலபேர் சீண்டுவார்கள். அவள் சிரிக்கக்கூட மாட்டாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். திமிரா! அவளுக்கா! மொன்டானா மாநிலம் முழுக்கச் சலித்துப் பார்த்தாலும் அத்தனை இதமாகப் பேசுகிற பெண்பிள்ளை அப்போது கிடையாது. அந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் அவள் எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மலை வேட்டைக்கான ரைஃபிள்கள். ஒன்று வாங்குகிற காசுக்கு நல்ல பழைய பிக்கப் வண்டியே வாங்கிவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு இலக்குத்தாள் இருக்கும். நூறு கஜத்தில் சுட்ட மூன்று ஓட்டைகள், ஒரு சின்னக் காசை வைத்தால் மூடிவிடும் அளவுக்கு நெருக்கமாக, கீழே சுட்டுப் பார்த்தவர் கையெழுத்து. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள்கூட உண்டு. அது எத்தனையாவது தாள், அதற்கு முன்னால் எத்தனை தாளைக் கசக்கிப் போட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

புகார் சொல்லிப் போன் வந்தால் எடுப்பது டார்லா. மேசைமேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். திருகெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, எந்தத் தோட்டா போடுகிறீர்கள், குழலைத் துடைத்தீர்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அதில் கடைசிக் கேள்வியைச் சேர்த்தவன் மேலாளர் ப்ரெண்ட். 'உங்களுக்கு வயது என்ன?'

"இது எதுக்கு?" என்று டார்லா கேட்டாள்.

"பொய் சொல்லச் சொல்லலையே. வயசைக் கேளு, அவ்வளவுதான். கேட்டுட்டு ஒரு நிமிஷம் பேசாம இரு. மத்ததை அவங்களே நினைச்சுக்குவாங்க."

நாசமாய்ப் போகிறவன்! எங்கே உட்கார்ந்து யோசித்தானோ. ஆனால் பலித்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை எவனும் அந்தக் கேள்விக்குப் பிறகு சத்தம் போட்டதில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

அந்த ஜூலையில் ஆர்லன் ஹாகென் கூப்பிட்டார். ஷோட்டோ ஊர்க்காரர். பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்தே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மலையில் திரிகிற சுருள் கொம்புக் காட்டாட்டுக் கடா ஒன்றைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு இருபத்தாறு வருஷம் விடாமல் எழுதிப் போட்டிருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் குலுக்கலில் பெயர் வராது. இந்த ஜூனில் வந்துவிட்டது. சீட்டு வந்த சந்தோஷத்தில் மீன் பிடிக்கிற படகை விற்று இந்த ரைஃபிளை வாங்கிவிட்டார். வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற கடா, அதற்கு ஏற்ற துப்பாக்கி வேண்டாமா?

"ஏம்மா, ரெண்டு குண்டு கண்ணுல ஒத்திக்கிற மாதிரி போகுது. மூணாவது ஒரு சாண் தள்ளிப் போகுது. சில சமயம் முதல் குண்டே அப்படித்தான். என் பழைய துப்பாக்கியில இந்தக் கோளாறு இல்லை."

"அனுப்பி வைங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றாள் டார்லா.

மூன்று வாரம் கழித்து 'எல்லாம் சரியாக உள்ளது' என்ற சீட்டோடும் புது இலக்குத்தாளோடும் ரைஃபிள் திரும்பிப் போயிற்று. ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டார். இருபது நிமிஷம் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாராம். "உங்க கம்பெனிப் பாட்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சும்மா, அடுத்த தடவை நானே பாடிடறேன்" என்றார். டார்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் கணவன் ராய்க்கு இதய ஆபரேஷன் நாள் குறித்திருந்த நேரம் அது. அவள் சிரித்தே நாளாகியிருந்தது. அவர் விசாரித்தார், அவள் சொன்னாள். அதற்கு அப்புறம் அவர் ராயைப் பற்றிக் கேட்காமல் பேச்சை ஆரம்பித்ததில்லை. ரைஃபிள் மறுபடி வந்தது, மறுபடி 'சரியாக உள்ளது' என்று போயிற்று.

அது போன அதே வாரம் பட்டறையில் வேலை பார்க்கிற லேன் அவள் மேசைக்கு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வசந்தத்துல செஞ்ச துப்பாக்கியில ஒரு தொகுதியே கோணல் டார்லா. தோட்டா உக்கார்ற அறையும் குழலும் நேர்கோட்டுல இல்லை. வெளியே பாத்தா தெரியாது. ப்ரெண்டுகிட்ட சொல்லிட்டேன். வேட்டைக் காலம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதாம்."

அவன் நீட்டிய துப்பாக்கி எண்களின் பட்டியலை டார்லா பார்த்தாள். ஹாகெனுடையது ஐந்தாவது. ப்ரெண்ட் அன்று மாலை அவள் பக்கம் வந்து, "ராய்க்கு ஆபரேஷன் எப்போ? நம்ம இன்சூரன்ஸ்லதானே?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனான். வேலை போனால் இன்சூரன்ஸும் போய்விடும் என்கிறான், அவளுக்குப் புரிந்தது.

செப்டம்பர் முதல் வாரம் ஆர்லன் கூப்பிட்டார். முதலில் ராயை விசாரித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டார்லா, உன்னை நான் பார்த்ததில்லை. ஆனா அங்கே மனுஷங்க மாதிரி பேசறது நீ ஒருத்திதான். நேராச் சொல்லு. துப்பாக்கியா, நானா? துப்பாக்கின்னா பழசைத் தூக்கிட்டுப் போயிடறேன். நீ சொல்றதை நான் கேட்டுக்கறேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ப்ரெண்ட் உட்கார்ந்திருந்தான். டார்லாவுக்கு ராயின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. அவள் அட்டையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வயசு என்ன சார்?" என்று கேட்டாள். எப்போதும் போல அதே இதமான குரலில் கேட்டாள்.

கேட்டுவிட்டு, ப்ரெண்ட் சொல்லிக்கொடுத்தபடியே காத்திருந்தாள்.

"எழுபத்திரண்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "புரியுதும்மா. ராயைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

ராய்க்கு அந்த மாதமே ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நவம்பரில் ஒரு நீளப் பெட்டி கம்பெனிக்கு வந்தது. உள்ளே ரைஃபிள், டார்லா பெயருக்கு ஒரு கடிதம். பென்சிலால் எழுதியிருந்தது.

'டார்லா, ராய் தேறிவிட்டார் என்று நம்புகிறேன். நீ கேட்ட அன்று சாயங்காலமே பழைய துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். அதிலும் குண்டுகள் சிதறின. விசையைத் தொடும்போதே கை பயப்படுகிறது. ஜூலையில் இப்படி இல்லை. வயது சொல்லிக்கொண்டா வருகிறது? கைதான் கோளாறு என்றால் எந்தத் துப்பாக்கி எடுத்தால் என்ன என்று உங்களுடையதையே கொண்டு போனேன். அக்டோபர் கடைசியில் நல்ல கடா ஒன்று கிடைத்தது. நூற்றைம்பது கஜம், பையின் மேல் குழலைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு சுட்டேன். அன்று கை நடுங்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டுவிட்டது. கடா மேலே பாறைக்குள் ஏறிவிட்டது. நாலு நாள் தேடினேன். அப்புறம் பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. என் சீட்டில் தேதியை நானே வெட்டிவிட்டேன். துப்பாக்கிகளையெல்லாம் கொடுத்துவிட்டேன். இதையும் நல்ல கை உள்ள யாருக்காவது கொடுங்கள். பணம் எதுவும் திருப்பித் தர வேண்டாம், உங்கள் மேல் தப்பில்லை. நீ நோகாமல் சொன்னதற்கு நன்றி.'

கடாவை அடித்த தேதியைச் சீட்டின் ஓரத்தில் வெட்டினால் அந்தச் சீட்டு செத்துவிட்டது, இனிச் சுட முடியாது. அவர் சுட்டதை அங்கே பார்த்தவர் யாருமில்லை. சீசன் முடிய ஒரு மாதம் இருந்தது. வேறு கடாவைத் தேடிப் போயிருந்தால் கேட்க நாதியில்லை. தான் அடித்தது செத்திருக்கும், அது தன் கணக்கு என்று அவராகவே பேனாக்கத்தியால் வெட்டிப் போட்டிருக்கிறார். இருபத்தாறு வருஷம் காத்திருந்த மனுஷன்!

லேன் அந்தக் குழலை நீளவாக்கில் அறுத்தான். ஒரு பாதியைக் கொண்டுவந்து டார்லா மேசையில் வைத்தான். டார்லா ஷோட்டோவுக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க கை இல்லை. துப்பாக்கிதான். குழல் கோணல். அறுத்ததை என் கண்ணால பாத்தேன்."

"நீ நல்ல மனசுக்காரிம்மா" என்றார் ஆர்லன். "என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதே. எவனாவது கேட்டா உன் வேலைக்கு ஆபத்து. ராயை வேற வச்சிருக்கே."

"சத்தியமாச் சொல்றேன் சார்!"

"சரிம்மா, சரி" என்றார், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். வைத்துவிட்டார்.

பொய்யை நம்பின மனுஷன் நிஜத்தை நம்பவில்லை. டார்லா அன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். சனிக்கிழமை காலை குழல் பாதியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு காரை எடுத்தாள். ஷோட்டோவுக்கு நாலு மணி நேரப் பாதை. ராயின் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அவளுக்கு இந்தத் தைரியமெல்லாம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்லனின் மனைவி வெர்லா கதவைத் திறந்தாள். போனில் கேட்ட குரல் நேரிலேயே வந்து நிற்கிறது என்றதும் இரண்டு பேருக்கும் சந்தோஷம். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை வெட்டி வைத்தாள், காப்பி ஊற்றினாள். ஆர்லன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பாதி மட்டும்தான் ஊற்றியிருந்தது.

"இப்பல்லாம் முகச் சவரம்கூட நான்தான் பண்ணிவிடறேன்" என்றாள் வெர்லா. "தன் கையையே திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாரு. நாப்பது வருஷமா இஞ்சின் பிரிச்சு மாட்டின கை."

டார்லா செய்தித்தாளைப் பிரித்தாள். ஆர்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இரும்பு விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோட்டா உட்காருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெள்ள இழுத்தார். நகம் ஒரு பக்கம் தட்டியது, மறு பக்கம் வழுக்கிப் போயிற்று. இன்னொரு தடவை இழுத்தார். மூன்றாவது தடவை இழுக்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆகஸ்ட்."

"நான் உன்கிட்டக் கேட்டது செப்டம்பர்."

"ஆமா சார்."

"அடிப் பாவி!" வெர்லா எழுந்துவிட்டாள். "என் வீட்டு மேசையில உக்காந்து என் கையால வாங்கித் தின்னுக்கிட்டு, ஆமாங்கிறியே! உன் புருஷனுக்காக தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணினாருடி இந்த மனுஷன்!"

"வெர்லா, சும்மா இரு."

"எப்படிச் சும்மா இருக்கறது?"

டார்லா தலை நிமிரவில்லை. "உங்க கைல ஒரு குறையும் இல்லை சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். வேலையை விட்டுடறேன். ரேடியோவுல வேணும்னாலும் சொல்றேன்."

"கை கிடக்குதும்மா" என்றார் ஆர்லன். குழலை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்தார். "எழுபத்திரண்டு வயசுல கை போனா என்ன, இருந்தா என்ன. நீ அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பழசைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். அந்தக் கடா நின்ன இடத்துலயே விழுந்திருக்கும், வலி தெரியறதுக்கு முன்னாடியே. வயித்துல குண்டோட பாறையில ஏறிச்சும்மா. ஏறி ஒரு தடவை நின்னு திரும்பிப் பார்த்துச்சு. அந்தக் குளிர்ல எத்தனை நாள் கிடந்துச்சோ. என்கிட்ட வந்து சொல்லிட்டே. அதுகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

வெர்லா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்லன் குழல் பாதியைப் பழையபடி செய்தித்தாளில் சுற்றி டார்லாவிடம் கொடுத்தார். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு வாசலுக்கு வந்தார். கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி கட்டியிருந்தது. அவள் பனி சுரண்டுகிற தகட்டைத் தேடி எடுத்ததும் அவரே வாங்கிக்கொண்டார். "கணவாய்ல ஐஸ் இருக்கும், பாத்துப் போ" என்றார். கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பனியை நிதானமாக, நேர்நேர் பட்டைகளாகச் சுரண்டிவிட்டார். டார்லா உள்ளே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தடவைகூட நடுங்கவில்லை.