நரேனின் அம்மா டியூஷனுக்குப் போன நாள்

பெஹாலாவில் பாகீரதியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் பழைய பேப்பரை விரித்து, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும் வங்காளி அம்மாக்களுக்கு அவள் ‘நரேனேர் மா’, நரேனுடைய அம்மா. தொண்ணூற்றொன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்த நடைபாதையே கதி என்று கிடந்தாள். பையனுக்கு விட்டுப்போன நோட்ஸை எழுதினாள், ஷூவுக்கு லேஸ் கட்டினாள், அவன் உடைத்த ஜன்னலுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டாள். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர் ரங்கராஜன், “அவனே பண்ணட்டுமே” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். குழந்தையாம்! குழந்தைக்கு மீசை முளைத்துவிட்டிருந்தது.

பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தபோது நரேனுக்கு ஜலதோஷம் பிடித்தது. கெமிஸ்ட்ரி டியூஷன் வீணாகக் கூடாதென்று, நோட்டைத் தூக்கிக்கொண்டு பாகீரதியே கரியாஹாட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, புரிகிறதோ இல்லையோ, சார் சொன்னதையெல்லாம் எழுதினாள். வெட்கப்படவில்லை, பெருமை வேறு.

வீடு திரும்பியபோது ரங்கராஜன் கட்டிலில் அசையாமல் கிடந்தார். நரேன் அவர் கையைப் பிடித்தபடி தேம்பிக்கொண்டிருந்தான்.

“எப்போலேர்ந்துடா?”

“நீ போன கொஞ்ச நேரத்துலேயே நெஞ்சு வலிக்கிறதுன்னார்.”

“கீழ டாக்டரைக் கூப்பிட்டியா?”

“நீ வந்துடுவேன்னு இருந்தேம்மா.”

டாக்டர் குடியிருந்தது அதே கட்டடத்தின் கீழ் வீட்டில். பாகீரதி தலைதெறிக்க ஓடி அழைத்து வந்தாள். அவர் நாடி பார்த்துவிட்டு, முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

பையனை அறைய வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அவன் எங்கும் ஓடிவிடவில்லையே. சாகிற அப்பாவின் கையை மூன்று மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தான். அப்படி அவனை வளர்த்தது வேறு யார்?

மறுநாள் ஜாம்ஷெட்பூரிலிருந்து தங்கை சகுந்தலா வந்தாள். அழுகைக்கு நடுவே, “ஏண்டா நரேன், மாடியிலேர்ந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமேடா?” என்று கேட்டாள்.

நரேனின் முகம் கோணியது.

“சித்தி, நான்தான்...”

“அவனுக்கு நூத்திரண்டு ஜுரம், சகுந்தலா. எழுந்துக்கவே முடியலை,” என்றாள் பாகீரதி.

நரேன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சித்தி, ஜுரம்,” என்றான்.