நிலாந்தினி மிஸியின் முதல் கையெழுத்து

நிலாந்தினி மிஸிக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பதினாறு வருசமாகத் தீவின் சின்ன மருந்தகத்தில் காய்ச்சலும் காயமும் பார்த்துவந்த தாதி அவள். ஆனால் ஒரு குளிசை கொடுப்பதென்றாலும் ஊர்காவற்றுறையில் இருக்கும் டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டாகவேண்டும். இப்போது சுகாதாரத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது! இருபத்திரண்டு நோய் வருத்தங்களுக்கு அவளே பார்க்கலாம், அவளே மருந்து எழுதலாம், அவளே கையெழுத்தும் வைக்கலாம். காலையில் குசினிக்குள் நின்று அதை மூன்று தரம் வாய்விட்டு வாசித்ததில் இடியப்பம் தட்டோடு ஒட்டிப்போனது. போகட்டும்!

முதல் ஆளாக வந்தவர் கடற்றொழில் செய்யும் யாக்கோப்பு. திருக்கை முள் காலில் குத்தியிருந்தது. மனைவி செபஸ்தியம்மா தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். மிஸி சுடுதண்ணீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து, முள்ளின் விசம் முறிய அந்தப் பேசின் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"காலை வையுங்கோ அண்ணை."

யாக்கோப்பு வெடுக்கென்று காலை இழுத்தார். "முதல்ல டொக்டர் ஐயாவுக்குப் போன் அடியுங்கோ."

தீவில் அப்படித்தான் பழக்கம். மிஸி போனை ஸ்பீக்கரில் போடுவாள். சுவரோர வாங்குப் பலகையில் காத்திருக்கிற அத்தனை பேரும் காதைக் கொடுப்பார்கள். டொக்டரின் குரலைக் கேட்டால்தான் அவர்களுக்கு மருந்து மருந்தாகும்.

"இனிக் கேக்கத் தேவையில்லை அண்ணை. எனக்குக் கடிதம் வந்திட்டுது."

"உங்களுக்குத்தானே வந்தது? எனக்கு வரேல்லையே!"

வாங்கு முழுக்கச் சிரித்தது. மிஸிக்குப் பத்திக்கொண்டு வந்தது. இன்றைக்குப் போன் எடுத்தால் நாளைக்கும் எடுக்கவேண்டும். பிறகு கடிதம் அலுமாரிக்குள் கிடக்கவேண்டியதுதான். ஆனால் இந்த மனிசன் பல்லைக் கடித்துக்கொண்டு வலியில் நெளிகிறாரே! பொறுக்கமாட்டாமல் அவளுடைய கை போனுக்குப் போய்விட்டது.

"வையுங்கோ மிஸி அதை!" என்றாள் செபஸ்தியம்மா. பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "இஞ்சேரப்பா, தை மாதம் உங்கட கை வெட்டுப்பட்டது. செய்யப்போறதை மிஸி போனில சொன்னா. ஐயா என்ன சொன்னவர்?"

"சரி எண்டவர்."

"பெருநாளுக்கு வயித்தாலை போகேக்க?"

"அப்பவும் சரி எண்டவர்."

"வேற ஏதும் சொன்னவரோ?"

யாக்கோப்பு யோசித்தார். "தாங்ஸ் மிஸி எண்டவர்."

"அந்த ஒரு சொல்லுத்தானே வேணும்? நான் சொல்லுறன். சரி! வையுங்கோ காலை!"

மருந்தகத்து ஓடு பறக்காத குறை, அப்படியொரு சிரிப்பு. சிரித்த சிரிப்பில் யாக்கோப்பின் கால் தண்ணீருக்குள் போய்விட்டது. மிஸி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு கை கழுவி, காயத்தைத் துப்புரவாக்கி, ஏற்புவலி வராமல் ஏற்பூசி போட்டு, மருந்தெழுதித் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். சந்தோசத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது அவளுக்கு.

யாக்கோப்பின் முகம் மெல்லத் தெளிந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை.

"மிஸி, நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமோ?"

"ஏலாது அண்ணை. ஒரு கிழமைக்குக் கடல்ல கால் வைக்கப்படாது."

யாக்கோப்பு தலையை ஆட்டினார்.

"ஓம் மிஸி."