வேறு யாரோ ஒருவரின் அம்மா

மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு. காலையிலிருந்து மருமகள், "தண்ணி குடிக்கலியா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்று கல்லறைத் திருநாள். என் மனைவி குமரிக் கடற்கரையில், எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் கிடக்கிறாள். நான் அமீரகத்தின் அல் ஐனில் மகனுடைய விசாவில், மகனுடைய வீட்டில் இருக்கிறேன். விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லிஃப்டில் இறங்கினால் கார் நிறுத்துமிடம், ஏறினால் இந்த அறை. எங்கள் ஊரில் இந்த நாளில் மெழுகுதிரிதான் ஏற்றுவோம். தண்ணீரும் உப்பும் வைப்பதை நான் ஸ்பானிஷ் டீச்சரிடம் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் நூலகராக இருந்தேன். டீச்சர் மெக்சிகோக்காரர். வேலைக்கு வந்த வருடமே ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். லீவு கேட்டார். "லீவு மாஃபி, கிடையாது, பரீட்சை முடியட்டும்" என்றது அலுவலகம். மீறிப் போனால் திரும்பி வர வேலை இருக்காது. அம்மாவின் அடக்கத்தை அவர் கைபேசியில் பார்த்தார், ஆசிரியர் அறையின் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தபடி.

அதன்பிறகு மதியங்களில் நூலகத்துக்கு வரத் தொடங்கினார். அவருடைய நாட்டைப் பற்றி எங்களிடம் இருந்தவை கொஞ்சம் புத்தகங்களே: ஒரு சமையல் புத்தகம், திருவிழாக்களின் பெரிய படப் புத்தகம், இன்னும் ஒன்றிரண்டு. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எனக்கும் வாசித்துக் காட்டுவார். எங்கள் பக்கத்துத் தோவாளைப் பூச்சந்தையில் கூடை கூடையாகக் குவியும் ஆரஞ்சுநிறக் கேந்திப் பூ அவருடைய மண்ணிலிருந்துதான் உலகத்துக்குப் போனது என்று அப்படித்தான் அறிந்தேன். எங்கள் மீன்குழம்பின் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். "அப்படியானால் நீங்கள் என் ஊர்க்காரர்" என்றார். அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நவம்பரில் நூலகத்தில் ஸ்பானிஷ் பண்பாட்டு வாரம் நடத்தலாம் என்று அவரே கேட்டார், நானும் சம்மதித்தேன். படப் புத்தகத்தில் இருந்தபடியே இறந்தவர்களுக்கான மேடை ஒன்றை அமைத்தார். இந்தியக் கடையில் வாங்கிய கேந்திப் பூ, ரொட்டி, உப்பு, பேட்டரி மெழுகுதிரி, ஒரு தம்ளர் தண்ணீர். நடுவில் அவருடைய அம்மாவின் படம். என் உதவியாளர், யாழ்ப்பாணத்து அம்மா, பார்த்துவிட்டு, "எங்கட படையல் மாதிரியெல்லோ கிடக்கு. வடை ஒண்டுதான் குறை" என்றார். டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னால் அம்மாவிடம் போக முடியவில்லை. இன்று அம்மா என்னிடம் வருவார். படத்தைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார். தாகத்தோடு வருவார்."

பிற்பகலில் பள்ளியின் மேற்பார்வையாளர் வந்தார். சற்று நேரம் நின்று பார்த்தார். "இது கலாச்சாரமா, வழிபாடா?" என்று கேட்டார். வழிபாடு என்றால் பள்ளிக்குள் கூடாது. அதட்டவில்லை, கேட்கத்தான் கேட்டார். பதில் அந்தப் படப் புத்தகத்திலேயே இருந்தது, திறந்து காட்டியிருக்கலாம். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி வளர்ந்தவன் நான், என் வாயாலேயே சொல்லியிருக்கலாம். என் மகன் அதே பள்ளியில் என் வேலையால் கிடைத்த சலுகைக் கட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தான். "நான் சரிசெய்துவிடுகிறேன் சார்" என்றேன்.

படத்தை எடுக்கும்படி அவர் சொல்லவே இல்லை. அவர் போனதும் நானாகத்தான் எடுத்தேன். சொந்தப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, நூலகத்துப் பொருள் மட்டுமே இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். அந்தப் படப் புத்தகத்திலிருந்து ஒரு கிழவியின் முகத்தை நகலெடுத்து, அதே சட்டத்தில் பொருத்தி, கீழே 'மெக்சிகோ மூதாட்டி' என்று அழகாக அச்சடித்து ஒட்டினேன்.

"இது ஆரின்ர அம்மா, சேர்?" என்றார் யாழ்ப்பாணத்து அம்மா. நான் சட்டத்தை நேராக நிமிர்த்தி வைத்தேன். "அந்தப் பிள்ளை வந்து கேட்டா என்ன சொல்லப் போறியள்? உங்கட ஊர்க் கல்லறையிலயும் இப்பிடித்தான் பேரை மாத்தி எழுதுவியளோ?"

கடைசி வகுப்பு முடிந்து டீச்சர் வந்தார். மேடையைப் பார்த்தார். நான் நீட்டிய உறையை வாங்கிக்கொண்டார், அதில் அவருடைய அம்மாவின் படம் இருந்தது. ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பூவைத் தொடவில்லை, ரொட்டியைத் தொடவில்லை. அந்தத் தம்ளரை மட்டும் எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் வெளியே போனார். அதன்பின் நூலகத்துக்கு வரவே இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது எல்லோரிடமும் விடைபெற்றார். என்னிடமும் கை கூப்பினார், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் மறுநாள் அந்தப் பக்கமே வரவில்லை.

என் மனைவியின் அச்சடித்த படங்களெல்லாம் ஊர் வீட்டில் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே இருப்பது மகன் வாங்கி வைத்த மின்சாரப் படச்சட்டம். அதில் படங்கள் தாமாக மாறிக்கொண்டே இருக்கும். அவள் சற்று நேரம் சிரிக்கிறாள். பிறகு பாலைவனச் சுற்றுலா, பேரனின் பிறந்தநாள் கேக், யாரோ நண்பரின் குடும்பம். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, மகன் டியூட்டியில் இருக்கிறான். மேசையருகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகம் மறைந்து வேறு முகம் வந்ததும் தம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

"என்ன மாமா, தம்ளர வச்சு வெளயாடுதீங்க? உள்ள கொண்டுபோயிரட்டா?"

"இருக்கட்டும் மக்களே, நீ போ."

சட்டத்தில் என் மனைவி வந்ததும் மறுபடி அவள் முன்னால் வைக்கிறேன்.