வாசுகி தட்டிய மேசை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் மெல்ல எழுந்து போய்விடுகிறவன் நான். என் வேலையும் அப்படிப்பட்டது. சூரியனில் சட்டென மின்னி, சில நிமிடங்களில் அணைந்துபோகும் சிறு புறஊதா வெடிப்புகளைப் படம்பிடிக்க, விண்வெளியில் இருக்கும் இரண்டு தொலைநோக்கிகளை ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்க வைக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காக நானும் என் மனைவி வாசுகியும் மாத்தளையில் எங்கள் வீட்டிலிருந்தே அந்தத் திட்டங்களை வகுத்தோம். இடத்தைத் தேர்ந்தெடுப்பது அவள். கணக்குப் போட்டு இரு தொலைநோக்கி நிலையங்களுக்கும் அனுப்புவது நான். மறுநாள் படங்கள் வந்ததும் அவள்தான் முதலில் பார்ப்பாள். வெடிப்பு ஒன்று அகப்பட்டால் விரல்முட்டியால் மேசையில் ஒரு தட்டு. அடுப்படியில் நின்றாலும் ஓடிப்போவேன்.

புற்றுநோய் அவளைக் கொண்டுபோனபோது அவளுடைய கடைசித் திட்டம் ஒன்று மிச்சமிருந்தது. ஒரு வெடிப்பு பக்கத்திலேயே அடுத்த வெடிப்புகளைத் தூண்டிவிடும் என்று பல வருடங்களாக அவள் சொல்லிவந்தது சரிதானா என்று அதில் தெரிந்துவிடும். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. அதற்குக் கிடைத்த நாளோ அவளுடைய கருமாதி நாளாக அமைந்துவிட்டது.

சடங்கு முடிந்து, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த அந்த மத்தியானத்தில் கணினியைத் திறந்தபோதுதான் பிழை தெரிந்தது. சூரியன் சுழல்வதால் அதன் மேலுள்ள இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை உலக நேரத்தில் கணக்கிட வேண்டும். துக்கத்தில் நான் இலங்கை நேரத்தைப் போட்டிருந்தேன். அவள் குறித்த இடத்தை விட்டு, ஒன்றுமே நடக்காத வெற்றிடத்தைத்தான் இரண்டு தொலைநோக்கிகளும் பார்க்கப்போகின்றன. கட்டளைகள் மேலே போய்விட்டன. இனி மாற்ற முடியாது.

வாசுகியின் தங்கை மல்லிகா வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், சூரியன் எங்கயும் ஓடிப்போயிராது. வந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"ஓடித்தான் போயிருச்சு மல்லிகா."

பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஓய்ந்தது. அப்போது வாசுகியின் அறையிலிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. சற்று இடைவெளி. பிறகு அடுத்தடுத்து இரண்டு. வேலைப் பழக்கத்தில் என் கண் கணினியில் ஓடிய நேரத்துக்குப் போனது.

"அக்கா ரூம்ல யாரு அத்தான்?"

"யாருமில்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."

திறந்து பார்த்தோம். மேசை, நாற்காலி, மூடிய ஜன்னல், அவ்வளவுதான். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் கேட்டீங்கதானே அத்தான்? எனக்கு மட்டும் இல்லையே?"

மறுநாள் படங்கள் வந்தன. முழுச் சூரியனையும் எடுக்கும் வேறொரு தொலைநோக்கியின் படத்தில் தேடினேன், அவள் குறித்திருந்த இடத்தில் அன்று எதுவுமே நடக்கவில்லை. நான் பிழையாகக் காட்டிய வெற்றிடத்தில் வெடிப்புகள் இருந்தன, முதலில் ஒன்று, இடைவெளி விட்டு இரண்டு. இரண்டு தொலைநோக்கிகளிலும் தெளிவாகப் பதிந்திருந்தன. அவள் சொன்னது சரிதான். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அன்று பகல் முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு அழுதேன்.

பிறகு நேரங்களை ஒப்பிட்டேன். படங்களில் பதிந்த நேரம், தட்டல் கேட்ட நேரத்தைவிட எட்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாகப் பிந்தியிருந்தது. சூரியனின் ஒளி நம்மிடம் வந்துசேர எடுக்கும் நேரம் அது. இங்கே எந்தக் கருவிக்கும் தெரியுமுன், அது நடந்த கணத்திலேயே பார்த்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறாள். அப்படிப் பார்க்க வேண்டுமானால் அதன் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

வாசுகிக்கு வெயிலே ஆகாது. குடை இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டாள்.