வலிக்குதுன்னு சொல்லு

மணவாளனுக்கு முடியாது என்கிற சொல் வாயில் வராது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் இடுக்கி பிடித்தவன் அவன். உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாகச் சீறிக்கொண்டு வரும் கம்பியின் தலையை இடுக்கியால் கவ்வி, அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். கொஞ்சம் பிசகினால் கம்பி பாம்பாகச் சுருண்டு ஆளைத் தேடி வரும். ஒரு ஷிப்டு முடிந்து முகம் கழுவப் போகிறவனை கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம் நிறுத்துவான்.

"இன்னா மணவாளா, அடுத்த ஷிப்டும் பாத்துடறியா? முடியுமா?"

அந்தக் கேள்விக்கு மில்லில் ஒரு பதில்தான் உண்டு. "சமாளிச்சுக்கலாம் சார்." வேறு மாதிரி சொன்னவனின் கேட் பாஸை அன்றே வாங்கிக்கொள்வார்கள். கேட்டுக்கு வெளியே எப்போதும் ஆள் நிற்கும்.

காய்ச்சலோடு சமாளித்தான். மகள் பூமிகா பிறந்த அன்றும் சமாளித்தான். நாளாக ஆக அந்தச் சொல் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பு இல்லை என்றால் சமாளிச்சுக்கலாம். கூரை ஒழுகினால் சமாளிச்சுக்கலாம். மனைவி சந்திரகலாவுக்குச் சில நேரம் அவனைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போலிருக்கும்.

ஒரு நாள் கிரேனிலிருந்து பழைய இரும்புக் கட்டு நழுவியது. மணவாளன் பின்னால் தாவினான். பின்னால் பள்ளம் இருந்தது. பள்ளத்தின் இரும்பு விளிம்பில் முதுகு மோதி உள்ளே விழுந்தான். தூக்கியவர்களிடம் அவன் முதலில் சொன்னதும் அந்த வார்த்தைதான் என்று கூட வேலை செய்த ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சந்திரகலாவும் சிரித்தாள். அப்போது இன்னும் சிரிப்பு வந்தது.

முதுகில் நரம்பு நசுங்கிவிட்டிருந்தது. மில்லில் கேட்டால் அப்படி ஒரு ஆளே தங்களிடம் இல்லை, கான்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். ராஜமாணிக்கம் இரண்டு தடவை ஆப்பிள் வாங்கி வந்து பார்த்தான். பிறகு போனை எடுக்கவில்லை.

காக்களூருக்குக் குடிமாறினார்கள். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் சந்திரகலாவுக்கு வேலை கிடைத்தது. மூடிகளை எண்ணிப் பையில் போட்டு ஒட்டும் வேலை. மணவாளன் வீட்டில் இருந்தான். கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு எரிந்தது. நின்றால் கால் மடங்கியது. இடது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, கால் இருந்தும் இல்லை. பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது தரையில் சப்பென்று அடிக்கும். செருப்பு காலில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தோள் இன்னும் மில் தோள்தான். மீசையும் அப்படியே இருந்தது. குழாயடியில் ஒருத்தி சந்திரகலா காதில் விழும்படி சொன்னாள். "ஆளு ஜம்முனு கீறாரு. பொண்டாட்டிய கம்பெனிக்கு அனுப்பிட்டு ஊட்ல குந்திகினு டிவி பாக்கறாரு."

ஒரு சாயங்காலம் சந்திரகலா வேலையிலிருந்து வரும்போது வீட்டுக்குள் கருகல் நாற்றம். பூமிகா சட்டியைப் பார்த்தாள், ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். மணவாளன் சுவரோரம் கால் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கொசுவத்திச் சுருளின் மேல் அவன் இடது கால் கிடந்தது. குதிகால் பக்கம் தோல் வெந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. "இன்னாமே நாத்தம்?" என்று அவனும் கேட்டான்.

அதற்குப் பிறகு அவனைத் தனியாக விட பயம். பூமிகா அடிக்கடி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள்.

ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம் என்று சொன்னது பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி. முதலில் டாக்டர்கள் பார்த்து எத்தனை சதவீதம் என்று எழுதித் தர வேண்டும். நாற்பது இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. போன வருஷம் நடந்த முகாமுக்கு மணவாளன் ஆட்டோவில் தனியாகப் போனான். சந்திரகலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அவன் சந்தோஷமாக இருந்தான். டாக்டர் ரொம்ப நல்ல மாதிரி, மரியாதையாகப் பேசினார் என்றான்.

"இன்னா கேட்டாரு?"

"நடக்க முடியுதா, மாடி ஏற முடியுதா, வெய்ட்டு தூக்க முடியுதான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். சான்றிதழில் முப்பது என்று வந்தது.

மறுபடி பார்க்கச் சொல்லி மனு போட்டு, அலைந்து, இந்த வருஷ முகாமுக்குப் பெயர் வந்திருக்கிறது. இதிலும் இல்லையென்றால் பூமிகா பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு மூடி கம்பெனிக்கு வர வேண்டியதுதான். சூப்பர்வைசரிடம் சந்திரகலா சொல்லியும் வைத்துவிட்டாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"எங்க அண்ணனுக்கு எப்டி கெடச்சுது தெரியுமா?" என்றாள் ஆரோக்கியமேரி. "எத கேட்டாலும் வலிக்குதுன்னு சொன்னான். தொட்டா கத்துனான். தொடறதுக்கு முன்னாலயே கத்துனான். உன் ஊட்டுக்காரரு வாயத் தெறந்தா கவர்மெண்டுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்துடுவாரு. பழக்கி வெய்யி கலா."

ஒரு வாரம் பழக்கினாள். அரிசி களையும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள்.

"கால் வலிக்குதா?"

"சமாளி..."

"யோவ்!"

"வலிக்குது."

"முட்டி?"

"வலிக்குது."

"முதுகு?"

"ஐயோ, வலிக்குது."

"அப்பா, சாம்பார்?" என்றாள் பூமிகா.

"ரொம்ப வலிக்குதும்மா." மூன்று பேரும் சிரித்தார்கள். சந்திரகலா முதலில் நிறுத்திக்கொண்டாள்.

முகாம் திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். கீழே நாற்காலிகளில் ஜனம். டாக்டர்கள் மணமேடையில் இருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்தின் சாமந்தி தூண்களில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. நடக்க முடியாதவர்களெல்லாம் படியேறித்தான் மேலே போக வேண்டும். மேடை என்பதால் எல்லோரும் பழக்கத்தில் செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டிருந்தார்கள்.

வரிசையில் பின்னால் மூன்று சக்கர வண்டியில் இருந்தவன் மணவாளனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா? உனுக்கு இன்னா கொற?"

"உள்ள கீதுண்ணா. வெளிய தெரியாது," என்றாள் சந்திரகலா.

"வெளிய தெரிஞ்சாவே இவங்களுக்குப் பேஜாரு. எனக்குக் காலே இல்ல, போன வாட்டி நடந்து காட்டுன்னாங்க."

மணவாளன் சிரித்தான். சந்திரகலா அவன் விலாவில் இடித்தாள். "சிரிக்காத. வலிக்கிறவன் சிரிப்பானா?"

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தோளைக் கொடுத்துப் படியேற்றினாள். துணி மறைப்புக்குப் பின்னால் இரும்புக் கட்டில். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த களைப்பு கண்ணில் இருந்தது. கோபம் இல்லை. பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல நரம்பு நல்லாவே அழுந்தியிருக்கே. போன தடவை ஏன் கம்மியா போட்டாங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சந்திரகலா மணவாளனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

டாக்டரம்மா காலைத் தூக்கச் சொன்னாள், மடக்கச் சொன்னாள். மணவாளன் ஒவ்வொன்றுக்கும் ஐயோ என்றான். நன்றாகவே சொன்னான். டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள்.

"கண்ண மூடிக்குங்க. நான் இப்போன்னு கேக்கும்போது குத்துறது தெரியுதா இல்லையான்னு சொல்லணும். அவ்ளோதான்."

மணவாளன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"இப்போ?" வலது கால்.

"வலிக்குது."

"இப்போ?" இடது பாதம். ஊசி தோலில் குழி போட்டது.

"வலிக்குதும்மா."

சந்திரகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவர்கள் கொண்டுவந்திருந்த ஒரே சாட்சி. வலிக்கவில்லை என்று அவன் சொல்ல வேண்டிய ஒரே இடம் இது.

"யோவ்..." என்றாள்.

"நீங்க பேசாம இருங்கம்மா." டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "இப்போ?"

ஊசி அந்தரத்தில் இருந்தது. காலுக்கு அருகில்கூட இல்லை.

"ஐயோ, ரொம்ப வலிக்குது!" என்றான் மணவாளன்.

டாக்டரம்மா ஊசியை மேஜையில் வைத்தாள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"அம்மா, அவருக்குத் தெரியாதும்மா. அந்தக் காலு செத்துப்போச்சும்மா. நான்தாம்மா அப்டி சொல்லிக் குடுத்தேன். எத கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லுன்னு நான்தான்..."

"போன வருஷம் எல்லாம் முடியுதுன்னு சொல்லியிருக்காரு. இந்த வருஷம் தொடாத இடம் வலிக்குதுங்கறாரு. நான் எதம்மா எழுதறது?"

"இந்தத் தழும்பப் பாருங்கம்மா. கொசுவத்தி. கால் வெந்துச்சும்மா, தெரியாம டிவி பாத்துக்கினு இருந்தாரும்மா."

"தழும்பு எப்படி வேணா வரும். சென்னைல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த முகாமுக்கு வாங்க. இப்போ பழைய பர்சன்டேஜ்தான் போட முடியும்."

அடுத்த முகாம். சந்திரகலாவின் கை தானாகத் தாலிச் சரடுக்குப் போனது. அதில் எப்போதும் கோத்திருக்கும் ஊக்குகளில் பெரியதை உருவினாள். நிமிர்த்தினாள். மணவாளன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் இவள் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் அவன் இடது பாதத்தைப் பிடித்து, பக்கவாட்டுச் சதையில் ஊக்கை முழுவதுமாக இறக்கினாள்.

"பாருங்கம்மா! பாருங்க!"

மணவாளன் அவள் முகத்தைப் பார்த்தான், ஊக்கைப் பார்த்தான். ஒரு வாரம் பழகியது மறக்கவில்லை.

"ஐயோ! வலிக்குதே!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

கீழே ஜனம் எழுந்து நின்று பார்த்தது. உதவிக்கு நின்ற பெண் ஓடிவந்து சந்திரகலாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாமா, பைத்தியமா நீ? எறங்கு, எறங்கு. அடுத்தது யாருப்பா, வாங்க." டாக்டரம்மா தலை நிமிரவில்லை. காகிதத்தை நீட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

படியில் இறங்கும்போது அவன் அவள் காதோரம் சொன்னான். "இந்த தபா கரெக்டா சொன்னேன் இல்ல? சத்தமா சொன்னேன்."

"சொன்ன," என்றாள்.

கீழே உட்கார்ந்து அவன் காலுக்குச் செருப்பு மாட்டினாள். எப்போதும் அவள்தான் மாட்டிவிடுவாள். வலது காலுக்கு மாட்டினாள். இடது பாதத்தைத் தூக்கியதும் கை நின்றது. ஊக்கு இன்னும் அங்கேயே இருந்தது. நிமிர்ந்த மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படி நெடுக ரத்தப் புள்ளிகள். அவன் அந்தக் காலை ஊன்றி எல்லாப் படியும் இறங்கி வந்திருக்கிறான்.

பிடுங்கப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு," என்றாள்.

"ஊட்டுக்கா?"

"மேல."

"மறுபடியுமா? இப்ப இன்னா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாத. வாய மூடிகினு கால காட்டு."

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அது வேறு யாருடைய காலோ மாதிரி.

"குத்திகினு கீதுமே," என்றான். "ஒண்ணுமே தெரியல கலா."

அவள் அவனை இழுத்துக்கொண்டு மேல்படிக்கு ஏறினாள். மூன்று சக்கர வண்டிக்காரனை இருவர் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உதவிக்காரப் பெண் கையைக் குறுக்கே நீட்டினாள். "ஒரு தபா பாத்தா பாத்ததுதாம்மா. பின்னால இன்னும் எவ்ளோ பேரு கீறாங்க, பாரு. போ."

"ஊக்கு இன்னும் உள்ளயே கீதுக்கா. நீயே பாரு."

"மருந்து போட்டுகினு போம்மா. வெளிய நர்சு இருக்காங்க."

பின்னால் வரிசை கத்த ஆரம்பித்தது. மணவாளன் அவள் தோளைத் தொட்டான். எப்போதும் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னான்.

"உடு கலா. சமாளிச்சுக்கலாம்."

சந்திரகலா மேல்படியிலேயே உட்கார்ந்தாள். அவனையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். ஊக்கோடு அந்தப் பாதத்தை எடுத்து மறைப்புப் பக்கம் திருப்பித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இனி அவர்களைத் தாண்டாமல் யாரும் மேலே போக முடியாது, யாரும் இறங்கி வரவும் முடியாது.

"முடியாதுயா," என்றாள்.